பெயர் இல்லாத பட்டன்: டிஜிட்டல் அணுகல்தன்மை என்றால் என்ன?

கடலூர் திருப்பாப்புலியூரில் டைப்பிங், டிடிபி, ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் செய்து கொடுக்கும் சின்னக் கடை என்னுடையது. வெப்சைட்டுகளை மாற்றுத்திறனாளிகள் எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று கடையில் பேச்சு வந்தால் பெரும்பாலும் ஒரே மாதிரி பதில்தான் கிடைக்கும். "எழுத்தைப் பெருசாக்க மேலே ஏ பிளஸ், ஏ மைனஸ் பட்டன் இருக்கே." "அவங்களுக்குன்னு தனி ஆப் இருக்குமே." "கூட யாராவது வந்து போட்டுக் கொடுத்துடுவாங்க." எல்லாமே நல்ல மனதோடு சொல்கிற பதில்கள்தான். ஆனால் விஷயம் அங்கே இல்லை. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

அணுகல்தன்மை என்ற சொல் அரசாணைகளிலும் கருத்தரங்கு பேனர்களிலும் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. அதன் பொருள் எளிமையானது. உடல்நிலை எப்படி இருந்தாலும் ஒரு இடத்தை, ஒரு பொருளை, ஒரு சேவையை ஒருவர் தானாகவே பயன்படுத்த முடிகிறதா? முடிந்தால் அது அணுகத்தக்கது. இதில் "தானாகவே" என்பதுதான் முக்கியம். நான்கு பேர் சேர்ந்து சக்கர நாற்காலியைத் தூக்கி மாடியில் வைத்துவிடலாம். அதற்காக அந்தப் படிக்கட்டு சாய்தளம் ஆகிவிடாது.

கட்டடத்தில் சாய்தளம் எங்கே என்று யாரும் கைகாட்டிவிடலாம். மொபைல் ஆப்பில் அது எங்கே இருக்கிறது? கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருக்கிறது. அதனால்தான் இவ்வளவு குழப்பம்.

கண்டக்டரின் குரல்

பாண்டி பஸ் ஸ்டாண்டில் சாயங்காலம் ஆறு மணிக்கு நின்றிருக்கிறீர்களா? "கடலூர் கடலூர் கடலூர்! தவளக்குப்பம், கன்னியக்கோயில், கடலூர்!" என்று கண்டக்டர் கூவிக்கொண்டிருப்பார். பஸ்ஸின் நெற்றியில் கடலூர் என்று பெரிதாக எழுதித்தான் இருக்கிறது. பிறகு ஏன் கூவ வேண்டும்?

ஏனென்றால் அந்தப் பலகையைப் படிக்க முடியாதவர்கள் அங்கே எப்போதும் இருக்கிறார்கள். எழுத்துக் கூட்டத் தெரியாத பாட்டி இருக்கிறார். தமிழ் படிக்கத் தெரியாத ஒடிசா தொழிலாளி இருக்கிறார். தவளக்குப்பத்தில் கண்புரை ஆபரேஷன் முடித்து ஒரு கண்ணில் கட்டோடு நிற்கும் பெரியவர் இருக்கிறார். அவசரமாக ஓடி வருகிறவருக்குக் கூட்டத்தில் பலகையே தெரியாது. என் நண்பர் ஒருவரும் அங்கே நிற்பார். அரசுப் பள்ளியில் வரலாறு ஆசிரியர், பிறவியிலேயே பார்வை இல்லாதவர். மஞ்சக்குப்பத்தில் வீடு. வயதில் மூத்தவர் என்பதால் எனக்கு அண்ணன்.

கண்டக்டர் கூவினால் அண்ணன் யாரையும் கேட்காமல் பஸ் ஏறிவிடுவார். கண்டக்டர் டீ குடிக்கப் போயிருந்தால், எதிரே நிற்கிற அதே பஸ் அவரைப் பொறுத்தவரை இல்லவே இல்லை. இந்த இரண்டு நிமிடத்தில் அவர் கண்ணில் எந்த மாற்றமும் இல்லை. பஸ் பேசியது, பிறகு பேசவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

இயலாமை என்பது முழுக்க ஒருவருடைய உடம்புக்குள் இருப்பதல்ல. உடம்பில் இருக்கும் குறையும் வெளியே இருக்கும் தடையும் சந்திக்கிற இடத்தில்தான் அது உண்டாகிறது. இது என் சொந்தத் தத்துவம் இல்லை. இந்தியா 2007-ல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையும், நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் இதே கருத்தில்தான் நிற்கின்றன. அந்தச் சட்டம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது. அதற்கு முந்தைய 1995 சட்டத்தில் இருந்தவை ஏழு மட்டும்.

சரி, இதுவரை வந்தது இவ்வளவுதான்: ஒரே செய்தியை ஒரே ஒரு புலனுக்கு மட்டும் சொன்னால் யாரோ ஒருவர் வெளியே நிற்பார். பலகையும் வேண்டும், குரலும் வேண்டும். இனி போனுக்குள் போகலாம்.

ஒரு திரை, அதன் பின்னால் ஒரு பட்டியல்

அண்ணன் முதன்முதலாகத் தன் போனை என்னிடம் நீட்டியபோது திரை கன்னங்கரேல் என்று இருந்தது. சார்ஜ் இல்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அவர் அதை என் காதோரம் கொண்டுவந்தார். உள்ளே ஒரு குரல் படுவேகமாக ஓடிக்கொண்டிருந்தது. எந்த மொழி என்றே எனக்குப் பிடிபடவில்லை. தமிழ்தான். அவருக்கு அந்த வேகம் பழகிவிட்டது. திரையைப் பார்க்கிற வேலை இல்லாததால் அதை அணைத்தே வைத்திருக்கிறார். பேட்டரியும் மிச்சம், பக்கத்தில் இருப்பவர் எட்டிப் பார்க்கிற தொல்லையும் இல்லை.

அந்தக் குரலுக்குப் பெயர் ஸ்கிரீன் ரீடர். தமிழில் திரைவாசிப்பான். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் மென்பொருள். ஆண்ட்ராய்டு போனில் அது டாக்பேக், ஐபோனில் வாய்ஸ்ஓவர். இரண்டும் போனோடே வருபவை, தனியாக வாங்க வேண்டியதில்லை. கம்ப்யூட்டருக்கு என்விடிஏ என்று ஒன்று இருக்கிறது. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன், ஜேம்ஸ் டே என்ற பார்வையற்ற இரண்டு இளைஞர்கள் தொடங்கியது. 2006-லிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, தமிழும் படிக்கும். அதனால் "இதெல்லாம் லட்சக்கணக்கில் செலவாகும் சமாச்சாரம்" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

இப்போது முக்கியமான இடம். ஸ்கிரீன் ரீடர் திரையைப் பார்ப்பதில்லை. அதற்கும் கண் கிடையாது. பிறகு எதைப் படிக்கிறது?

நாம் பார்க்கிற ஒவ்வொரு திரைக்கும் பின்னால் போன் தானே ஒரு பட்டியல் தயாரித்து வைத்திருக்கிறது. திரையில் இருக்கும் ஒவ்வொரு பொருளும் அதில் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றுக்கும் எதிரே அதன் பெயர் என்ன, அது என்ன வகை, இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று குறித்திருக்கும். உதாரணமாக, பெயர்: பணம் அனுப்பு, வகை: பட்டன், நிலை: அழுத்தலாம். கிளையும் உட்கிளையுமாக அடுக்கி வைத்திருப்பதால் இதை அணுகல் மரம் என்று சொல்வார்கள். ஸ்கிரீன் ரீடர் படிப்பது இந்தப் பட்டியலைத்தான். நாம் பார்க்கிற அழகான திரை பஸ்ஸின் நெற்றிப் பலகை. இந்தப் பட்டியல்தான் கண்டக்டர்.

வகையையும் நிலையையும் போன் பெரும்பாலும் தானே எழுதிக்கொள்ளும். பெயரை ஆப் செய்தவர்தான் எழுத வேண்டும். பட்டன் மேல் எழுத்து இருந்தால் அதுவே பெயராகிவிடும். அம்புக்குறி, மணி, ரூபாய்க் குறி என்று வெறும் படமாக இருந்தால் பெயர் தானாக வராது.

அன்றைக்கு அண்ணன் காட்டியது ஒரு நிதி நிறுவனத்தின் ஆப். வேகத்தைக் குறைத்து வைத்து, விரலால் வலப்பக்கம் தள்ளிக்கொண்டே போனார். ஒவ்வொரு தள்ளலுக்கும் பட்டியலில் அடுத்த வரி.

"லேபிள் இல்லை, பட்டன்."

"லேபிள் இல்லை, பட்டன்."

"லேபிள் இல்லை, பட்டன்."

ஏழு முறை எண்ணினேன். திரையை எரியவிட்டுப் பார்த்தால் எனக்கு எல்லாம் தெளிவாகத் தெரிகிறது: இருப்பு, பணம் அனுப்ப, ரீசார்ஜ், பழைய கணக்கு. "இதுல எது தம்பி பணம் அனுப்புறது? தெரியாம அமுக்கிட்டா?" என்று கேட்டார். அப்புறம் அவரே சொன்னார்: "மூணாவது பட்டன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருந்தேன். அப்டேட் வந்துச்சு. இப்ப அது நாலாவது ஆயிடுச்சு."

தன் பணத்தைத் தானே அனுப்ப ஒரு மனிதர் பட்டன்களை எண்ணி மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது. இதைச் சரிசெய்ய எவ்வளவு வேலை என்று ஆப் செய்யத் தெரிந்த பையன் ஒருவனிடம் விசாரித்தேன். ஒரு பட்டனுக்கு ஒரு வரி என்றான். அந்த ஆப்பில் மொத்தம் ஏழு வரி.

பெயர் மட்டும் போதாது, தலைப்பும் வேண்டும். நாம் செய்தித்தாளை முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படிப்பதில்லை. தலைப்புகளை மேய்ந்துவிட்டு வேண்டியதில் நிற்கிறோம். ஸ்கிரீன் ரீடரிலும் அது முடியும். என்விடிஏ-வில் ஹெச் எழுத்தைத் தட்டினால் அடுத்த தலைப்புக்குத் தாவும், பி தட்டினால் அடுத்த பட்டனுக்கு. ஆனால் "இது தலைப்பு" என்று பட்டியலில் குறித்திருந்தால்தான் தாவ முடியும். எழுத்தைப் பெரிதாக்கித் தடிமனாக்கிவிட்டால் நம் கண்ணுக்குத் தலைப்பு, பட்டியலுக்கு அது சாதாரண வரி. வேர்டில் கட்டுரை தயாரிக்கும்போதும் இதே கதைதான். தலைப்பு வரியைக் கையால் பெரிதாக்காமல், அதற்கென்று உள்ள தலைப்பு ஸ்டைலைக் கொடுத்தால் வேலை முடிந்தது.

சுருக்கிச் சொன்னால்: திரைக்குப் பின்னால் ஒரு பட்டியல் இருக்கிறது, ஸ்கிரீன் ரீடர் அதைப் படிக்கிறது, பட்டியலில் பெயர் எழுதாமல் விட்டால் குரல் ஊமையாகிவிடும். டிஜிட்டல் அணுகல்தன்மையில் பாதிக்கு மேல் இந்தப் பட்டியலை ஒழுங்காக எழுதுவதுதான்.

படமாக வந்த புயல் எச்சரிக்கை

2024 நவம்பர் 30-ஆம் தேதி இரவு ஃபெஞ்சல் புயல் பாண்டிக்கு அருகே கரையைக் கடந்தது நம் ஊர்க்காரர்களுக்கு மறக்காது. அடுத்தடுத்த நாளில் சாத்தனூர் அணையில் திறந்த தண்ணீர் தென்பெண்ணையில் வந்து கடலூர்ப் பக்கம் ஊர்களில் புகுந்தது. அந்த நாட்களில் எனக்கு வந்த வாட்ஸ்அப் அறிவிப்புகளில் பெரும்பாலானவை படங்கள். எந்தப் பகுதியினர் வெளியேற வேண்டும், முகாம் எங்கே, எந்த நம்பருக்குக் கூப்பிட வேண்டும் என்று எல்லாம் அழகாக டிசைன் செய்த படத்துக்குள்.

அண்ணனுக்கு அவை எல்லாமே "படம்", "படம்", "படம்". கரண்ட் இல்லை. போனில் இருந்த கொஞ்சம் சார்ஜையும், அந்தப் படங்களில் என்ன இருக்கிறது என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுக் கேட்பதிலேயே செலவு செய்தார். எனக்கும் இரண்டு முறை கூப்பிட்டார்.

படத்துக்கு மாற்றாகக் கொடுக்கிற எழுத்துக்கு மாற்று உரை என்று பெயர். படம் சொல்ல வந்ததை வார்த்தையில் எழுதிவிடுவதுதான். பாண்டி கடற்கரைப் படம் என்றால் "கடற்கரைச் சாலையில் காந்தி சிலை, பின்னால் கடல்" என்று ஒரு வரி போதும். அறிவிப்புப் படம் என்றால் "அறிவிப்பு" என்று எழுதி என்ன பயன்? உள்ளே இருக்கும் தேதி, நேரம், இடம் எல்லாமே எழுத்தாக வர வேண்டும். பூ பார்டர் மாதிரி வெறும் அலங்காரப் படத்துக்கு வெப்சைட்டில் மாற்று உரையை வேண்டுமென்றே காலியாக விடுவார்கள். அப்போது ஸ்கிரீன் ரீடர் அதைத் தாண்டிப் போய்விடும், கேட்கிறவர் நேரம் வீணாகாது.

இப்போது போனே படத்தைப் பார்த்து விவரிக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், பெரிய உதவி. ஆனால் மாலை 6 மணியை 8 மணி என்று அது வாசித்துவிட்டால் வெள்ள நேரத்தில் என்ன ஆகும்? நேரமும் நம்பரும் உள்ள செய்தியை யூகத்துக்கு விடக் கூடாது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பும் இதே வகைதான். சுற்றறிக்கையில் கையெழுத்தும் சீலும் போட்டு ஸ்கேன் செய்து ஏற்றினால் நாம் படித்துவிடுவோம். உள்ளே இருப்பது எழுத்தல்ல, காகிதத்தின் போட்டோ.

எழுத்தாக இருந்தும் படிக்க முடியாத தமிழ்

இந்தப் பகுதி என் தொழிலைப் பற்றியது. தமிழில் வேலை செய்கிற ஒவ்வொரு டிடிபி கடைக்கும் இது பொருந்தும் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

நோட்டீஸ், அழைப்பிதழ் அடிக்கிற கடைகளில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்கள் இன்னும் ஓடுகின்றன. பாமினியில் "தமிழ்" என்று வர வேண்டுமானால் கீபோர்டில் ஜே, கே, பி, ஓ, அதன்பின் செமிகோலன் தட்ட வேண்டும். கம்ப்யூட்டர் உள்ளே சேமிப்பதும் அந்த ஐந்து ஆங்கிலக் குறிகளைத்தான். எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது. நம் கண்ணுக்குத் தமிழ். ஸ்கிரீன் ரீடருக்குப் போர்வை தெரியாது, உள்ளே இருப்பதுதான் தெரியும். அதனால் "தமிழ்" என்ற சொல்லை அது ஜே, கே, பி, ஓ என்று ஏதோ உளறுவது போலப் படிக்கும். பக்கம் முழுக்க இப்படி ஓடினால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

இதற்கு மாற்று யூனிகோடு. உலக மொழிகளின் எழுத்துக்கெல்லாம் தனித்தனி எண் கொடுத்து வைத்திருக்கும் பொது ஏற்பாடு அது. 1991-ல் வந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் இருக்கிறது. தமிழ்நாடு அரசும் 2010-ல் யூனிகோடை ஏற்றுக்கொண்டது. யூனிகோடில் "த" என்று அடித்தால் உள்ளே சேமிப்பதும் "த" தான். எழுத்துருவை மாற்றினாலும், வேறு போனுக்கு அனுப்பினாலும், குரலாக மாற்றினாலும் அது "த" ஆகவே இருக்கும்.

நான் பன்னிரண்டு வருடம் பாமினியில் அடித்திருக்கிறேன். ஊர்த் திருவிழா நோட்டீஸ், பள்ளி ஆண்டு மலர், ரேஷன் கடை அறிவிப்பு என்று எத்தனையோ. பிடிஎஃப்பாக அனுப்பியவை எல்லாம் அண்ணனுக்கும் போயிருக்கின்றன. "தம்பி அனுப்பினது ஒண்ணும் படிக்க மாட்டேங்குது" என்று அவர் சொன்னபோது போனில்தான் கோளாறு என்று நினைத்தேன். கோளாறு என் கீபோர்டில் இருந்தது.

காது கேளாதவர்களுக்கு

பார்வை பற்றியே பேசிக்கொண்டிருந்தால் மற்றவர்கள் மறந்துபோவார்கள். வீடியோவுக்குக் கீழே ஓடும் எழுத்தை சப்டைட்டில் என்கிறோம். மொழி தெரியாதவர்களுக்காகப் போடுவது பெரும்பாலும் பேச்சை மட்டும் தரும். காது கேளாதவர்களுக்கான எழுத்தில் "கதவு தட்டும் சத்தம்", "சைரன் ஒலி" என்று ஓசையும் வரும். தானாக உருவாகும் சப்டைட்டில் நம் ஊர்ப் பேச்சில் அடிக்கடி தடுமாறுகிறது, ஊர்ப் பெயர்களில் இன்னும் மோசம். ஒருவர் உட்கார்ந்து திருத்தினால்தான் உருப்படும்.

சைகை மொழியைக் கையால் காட்டுகிற தமிழ் என்று பலர் நினைக்கிறார்கள். இந்திய சைகை மொழி தனி மொழி, அதற்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அதற்கான தேசிய ஆராய்ச்சி, பயிற்சி மையம் 2015-லிருந்து டெல்லியில் இயங்குகிறது. பிறவியிலேயே காது கேளாத பலருக்கு எழுத்துத் தமிழ் இரண்டாவது மொழி. ஆகவே "மேற்படி விண்ணப்பதாரர் உரிய ஆவணங்களைச் சமர்ப்பிக்கத் தவறும் பட்சத்தில்" என்று நீட்டி முழக்காமல் "ஆதார் நகல் இல்லாவிட்டால் விண்ணப்பம் ஏற்கப்படாது" என்று எழுதுவதும் அணுகல்தன்மைதான். புகார் சொல்ல "இந்த நம்பருக்கு அழைக்கவும்" என்பது மட்டுமே வழியாக இருந்தால், காது கேளாதவர் புகாரே சொல்ல முடியாது. பக்கத்தில் ஒரு மெசேஜ் வசதி இருந்தால் போதும்.

2023-ல் எல்லார் போனிலும் திடீரென்று பெரிய ஒலியோடு அவசர எச்சரிக்கைச் சோதனை ஒன்று வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? ஒலி எழுந்தது, போன் அதிர்ந்தது, திரையில் எழுத்தும் வந்தது. மூன்று வழியிலும் ஒரே செய்தி. புயலும் வெள்ளமும் வருகிற கடலோரத்துக்கு, ஒரு பக்கம் சிப்காட் ரசாயன ஆலைகளும் இருக்கிற ஊருக்கு, இப்படித்தான் எச்சரிக்கை வர வேண்டும். சைரனை மட்டும் நம்பினால் காது கேளாத குடும்பம் வீட்டிலேயே இருந்துவிடும்.

கை, விரல், நிறம்

சில்வர் பீச்சில் உச்சி வெயிலில் போனைப் பார்த்திருப்பீர்கள். வெள்ளைப் பின்னணியில் வெளிர் சாம்பல் எழுத்து இருந்தால் ஒன்றும் தெரியாது. நமக்கு வெயிலில் மட்டும் நடப்பது, பார்வை மங்கியவருக்கு நாள் முழுக்க நடக்கிறது. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச வித்தியாசத்தை ஒளி வேறுபாடு என்கிறார்கள். கறுப்பும் வெள்ளையும் என்றால் அது 21-க்கு 1. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5-க்கு 1 வேண்டும் என்பது உலக அளவில் ஏற்றுக்கொண்ட கணக்கு. இணையத்தின் பொது விதிகளை வகுக்கும் டபிள்யூ3சி என்ற அமைப்பு 1999 முதல் வெளியிட்டுவரும் அணுகல் நெறிமுறைகளில் இது இருக்கிறது. கடைசியாக வந்த 2.2 பதிப்பு 2023-ல் வெளியானது.

நிறத்தை மட்டும் நம்பிச் செய்தி சொல்வதும் தவறு. "சிவப்பில் உள்ளவற்றைக் கட்டாயம் நிரப்பவும்" என்றால், சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாதவர் என்ன செய்வார்? பக்கத்தில் "கட்டாயம்" என்று எழுதிவிடலாம்.

கை நடுங்குபவர், மவுஸ் பிடிக்க முடியாதவர் கீபோர்டில் டேப் விசையைத் தட்டித் தட்டித்தான் ஒவ்வொரு கட்டமாக நகர்கிறார்கள். கை அசைக்கவே முடியாதவர்கள் தலையால் தட்டும் ஒற்றை ஸ்விட்ச், வாயால் ஊதும் குழல் போன்றவற்றை வைத்து அதே வேலையைச் செய்கிறார்கள். மவுஸ் இல்லாமல் உங்கள் வெப்சைட்டில் ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசி வரை நிரப்ப முடிகிறதா என்று ஒருமுறை பாருங்கள். காலண்டரில் தேதி தேர்ந்தெடுக்கும் இடத்தில் பல வெப்சைட்டுகள் மாட்டிக்கொள்ளும்.

பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைக்கும் பெண்களின் விரல்களைப் பார்த்திருக்கிறீர்களா? ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் தோலை அரித்துவிடும். வருடக்கணக்கில் உடைத்தவர்களுக்கு ரேகை தேய்ந்துபோகும். கடைக்கு வந்த ஒரு அக்கா ரேகைக் கருவியில் ஒவ்வொரு விரலாகப் பத்து விரலையும் வைத்துப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் துணியில் துடைத்துத் துடைத்து வைத்தார், ஏதோ அழுக்கினால்தான் பதியவில்லை என்பது போல. எந்தப் பட்டியலிலும் அவர் மாற்றுத்திறனாளி இல்லை. ஆனால் ரேகை மட்டுமே வழி என்று ஒரு கருவி அடம்பிடிக்கும் நேரத்தில் அவரும் வெளியேதான் நிற்கிறார். ஓடிபி, கருவிழி, பதிவேட்டில் கையெழுத்து என்று இன்னொரு கதவு திறந்திருக்க வேண்டும்.

மறுபடி ஒருமுறை: கண், காது, கை எதுவாக இருந்தாலும் கேள்வி ஒன்றுதான். இந்த வழி அடைபட்டால் வேறு வழி இருக்கிறதா?

சட்டம் என்ன சொல்கிறது

இதைக் கருணை என்று நினைப்பவர்களுக்காக இந்தப் பகுதி. 2016 சட்டத்தின் 42-ஆவது பிரிவு, தகவல் தொழில்நுட்பம் மாற்றுத்திறனாளிகளுக்கு அணுகத்தக்கதாக இருப்பதற்கு அரசு நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் வந்த 2017 விதிகளில் அணுகல் தரங்கள் வெறும் பரிந்துரை போல இருந்தன. 2024 நவம்பரில், ராஜீவ் ரத்தூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் அது சட்டத்துக்கே முரண் என்று சொல்லி, கட்டாயமான தரங்களை வகுக்க உத்தரவிட்டது.

அடுத்த ஆண்டு ஏப்ரல் 30-ஆம் தேதி வந்த தீர்ப்பு நம் கதைக்கு இன்னும் நெருக்கமானது. ஆசிட் வீச்சில் கண்ணும் முகமும் பாதிக்கப்பட்ட ஒருவர் வங்கிக் கணக்கு தொடங்கப் போனார். உயிருள்ள ஆள்தானா என்று பார்க்க, கேமரா முன் கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது முறை. அவரால் சிமிட்ட முடியாது. அவரும் பார்வையற்ற ஒருவரும் தொடுத்த வழக்குகளில், டிஜிட்டல் சேவைகளை அணுகுவது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவு தரும் வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் சொன்னது. சிமிட்டல் தவிர வேறு வழிகளும் இருக்க வேண்டும் என்பது உட்பட 20 உத்தரவுகள் அதில் இருக்கின்றன. கூட யாராவது வந்து போட்டுக் கொடுத்துடுவாங்க என்ற பேச்சுக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

ஒரு பட்டன் ஒட்டினால் போதுமா?

வெப்சைட் மூலையில் சக்கர நாற்காலிப் படத்தோடு ஒரு வட்டம் வைத்து, "இதை ஒட்டினால் எல்லாம் சரியாகிவிடும்" என்று விற்கிறார்கள். எழுத்தைப் பெரிதாக்கும், நிறத்தை மாற்றும். அதைத்தான் போனும் பிரவுசரும் ஏற்கெனவே செய்கின்றனவே! பெயர் இல்லாத பட்டனுக்குச் சரியான பெயர் அதற்கு எப்படித் தெரியும்? அமெரிக்காவில் இப்படிப் பெரிதாகச் சொல்லி விற்ற ஒரு நிறுவனத்தின் மேல் 2025-ல் 10 லட்சம் டாலர் கட்டச் சொல்லி நடவடிக்கை எடுத்தார்கள். சுவரில் சாய்தளம் படம் வரைந்தால் நாற்காலி ஏறாது.

நீங்களே கேட்டுப் பாருங்கள்

தமிழில் வைத்திருக்கும் ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் "அணுகல்தன்மை" என்றே ஒரு பகுதி இருக்கும். அதற்குள் டாக்பேக். அதை இயக்குவதற்கு முன் ஒலி விசைகள் இரண்டையும் சேர்த்து அழுத்தும் குறுக்குவழியைத் தயார் செய்துகொள்ளுங்கள். அணைக்கத் தெரியாமல் தவிக்க வேண்டியிருக்காது. இயக்கியபின் ஒரு விரலால் வலப்பக்கம் தள்ளினால் அடுத்த பொருளுக்குப் போகும். இரண்டு முறை தட்டினால் திறக்கும். கண்ணை மூடிக்கொண்டு, தினமும் பயன்படுத்துகிற ஆப்பில் ஒரே ஒரு வேலையை முடித்துப் பாருங்கள். மாட்டிக்கொள்கிற இடத்தை ஆப் செய்தவர்களுக்கு எழுதுங்கள். "சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், "முதல் பக்கத்தில் நாலாவது பட்டனுக்குப் பெயர் இல்லை" என்று இடத்தோடு எழுதினால் அவர்களுக்குத் திருத்துவது எளிது.

நான் கடையில் இரண்டு பழக்கத்தை மாற்றிக்கொண்டேன். எல்லாம் இப்போது யூனிகோடில்தான் அடிக்கிறேன். யார் வாட்ஸ்அப்புக்கு நோட்டீஸ் கேட்டாலும் படத்தோடு சேர்த்து அதே செய்தியை எழுத்தாகவும் கொடுக்கிறேன். "எழுத்து எதுக்கு, படம் போதும்" என்பவர்களுக்கு இலவசமாகவே கொடுத்துவிடுகிறேன்.

போன மாதம் எங்கள் தெருவில் குடிநீர் நிறுத்தம் பற்றி ஒரு அறிவிப்பு அடித்துக் கொடுத்தேன். குழுவில் போட்டு ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது, அண்ணன் கூப்பிட்டார்.

"தம்பி, பதினாலாம் தேதி செவ்வாய்க்கிழமைன்னு போட்டிருக்க. பதினாலு புதன்கிழமை."

காலண்டரைப் பார்த்தேன். புதன்தான். அதற்குள் முப்பது பேருக்கு மேல் பார்த்திருந்தார்கள், வேறு யாரும் சொல்லவில்லை. படத்தையும் எழுத்தையும் திருத்தி மறுபடி அனுப்பினேன்.